கிள்ளான் இரயில் நிலையமும் அதன் முன்வெளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளான் ஆற்றின் தென்கரையில், ஆற்றுக்கும் கடைவரிசைகளுக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் இரயில் நிலையத்தை ஊரின் மூத்த தலைமுறை ‘டேசன்’ என்றே சொல்லிப் பழகியது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பட்டணம் வந்து போனவர்களுக்கு அச்சொல் கட்டடத்தை மட்டும் குறிக்கவில்லை. எதிரே உள்ள வெளியையும், அங்கிருந்து பிரியும் தெருக்களையும், வண்டி வரும் வரை நின்ற நேரத்தையும் சேர்த்தே குறித்தது. அந்த இடத்தைப் பற்றி இளையவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

மலாயாவின் முதல் இரயில் நிலையம் கிள்ளானில்தான் இருந்ததா?

இல்லை. ஊர்ப்பற்றினால் பலர் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பெருமை பேராக் மாநிலத்துக்கு உரியது. தைப்பிங்கிலிருந்து, இன்று கோலா செபெத்தாங் எனப்படும் போர்ட் வெல்ட் வரை போடப்பட்ட ஏறத்தாழ 13 கிலோமீட்டர் பாதை 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. சிலாங்கூரின் முதல் பாதை அதற்கு அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரை மேற்குக் கரையோடு இணைப்பதற்காகத் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆளுநர் பிரெடரிக் வெல்டும் சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட்டும் அதில் பயணம் செய்தனர்.

இதில் கிள்ளான்வாசிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அந்த 1886ஆம் ஆண்டுப் பாதை கிள்ளான் பட்டணத்துக்கே வரவில்லை. சுமார் 31 கிலோமீட்டர் ஓடி, ஆற்றின் வடகரையில் புக்கிட் கூடா என்னும் இடத்தோடு நின்றுவிட்டது.

பட்டணத்துக்கு இத்தனை அருகில் வந்தும் வண்டி ஏன் அங்கேயே நின்றது?

குறுக்கே ஆறு இருந்தது, பாலம் இல்லை. ஆனால் அதைத் தோல்வி என்று கொள்ள வேண்டியதில்லை, ஏனென்றால் அந்தப் பாதையின் முதல் நோக்கம் ஆள் ஏற்றுவதன்று, ஈயம் (வெள்ளீயம்) ஏற்றுவது. கோலாலம்பூரைச் சுற்றிய சுரங்கங்களில் எடுத்த ஈயம், இரயிலுக்கு முன்பு டாமான்சாரா படகுத்துறைக்குக் கொண்டுவரப்பட்டு ஆற்றுவழியே கிள்ளானுக்கும் கடலுக்கும் சென்றது. வளைந்து வளைந்து ஓடும் ஆற்றில் அது நீண்ட பயணம். புக்கிட் கூடா வரை கப்பல்கள் ஏறி வர முடிந்ததால், அங்கே இரயிலிலிருந்து இறக்கிக் கப்பலில் ஏற்றினால் வேலை முடிந்தது.

1890இல் கன்னாட் பாலம் கட்டி முடிக்கப்பட்ட பிறகே தண்டவாளம் தென்கரைக்குத் தாவிக் கிள்ளான் பட்டணத்தைத் தொட்டது. அப்பாலத்தின் பெயர் பிற்காலத்தில் அருகே எழுந்த மின்நிலையத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் இரயிலை நினைப்பவர்களைவிட மின்சாரத்தை நினைப்பவர்களே மிகுதி.

நிலையத்தின் எதிரே உள்ள வெளி எப்படி உருவானது? யாராவது திட்டமிட்டு அமைத்த சதுக்கமா?

‘சதுக்கம்’ என்று சொன்னால் நடுவே நீரூற்றும் நான்கு பக்கமும் ஒழுங்கான கட்டடங்களும் மனத்தில் தோன்றும். கிள்ளானில் இருப்பது அப்படிப்பட்டதன்று. அது தெருக்கள் சந்திக்கும் ஒரு முனை. சரக்கும் ஆளும் நின்று நின்று அகன்றுபோன வழி.

அதன் தோற்றத்தை விளங்கிக்கொள்ள 1890 முதல் 1899 வரையிலான ஒன்பது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தக் காலத்தில் கிள்ளான் வழிநிலையமன்று, கடைசி நிலையம். கடைசி நிலையத்தில் எல்லாமே இறங்கியாக வேண்டும். ஈயக்கட்டிகள் வண்டியை விட்டு இறங்கிப் படகுத்துறைக்குப் போக வேண்டும். அரிசி மூட்டையும் எண்ணெய்த் தகரமும் அபினும் இரும்புச் சாமானும் எதிர்த்திசையில் வந்து ஏற வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே மாட்டுவண்டி நிற்க இடம் வேண்டும், மூட்டை தூக்குபவர் உட்கார நிழல் வேண்டும், கணக்குப் பார்ப்பவருக்குக் கடைத்திண்ணை வேண்டும். நிலையம், ஆறு, கிடங்கு, கடைவீதி ஆகிய நான்கும் நடந்து கடக்கும் தொலைவுக்குள் நெருங்கி அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். வண்டி அப்பாலும் போயிருந்தால் இத்தனையும் ஓரிடத்தில் குவிந்திருக்காது.

இந்தக் குவிப்புக்கு முன்னோடி ஒன்றும் உண்டு. அன்று கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா 1857இல் கட்டிய கிடங்கு மாளிகை இன்றும் நிற்கிறது. ஈயத்தையும் உணவுப் பொருளையும் ஆற்றங்கரையில் சேர்த்து வைக்க எழுந்த அந்தக் கட்டடம், இரயில் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இவ்வூர் இறக்கி ஏற்றும் ஊராக இருந்ததைச் சொல்கிறது. 1880இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடம் கிள்ளானை விட்டுக் கோலாலம்பூருக்குப் போனது. அதிகாரிகள் போனார்கள், துறை போகவில்லை.

துறைமுகம் கடலோரத்துக்குப் போனபோது நிலையம் வெறிச்சோடவில்லையா?

ஆற்றுத்துறை தன் முதன்மையை இழந்தது, நிலையம் இழக்கவில்லை. தண்டவாளம் 1899இல் ஆற்றின் முகத்துவாரம் வரை நீட்டப்பட்டது, 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல்தான் அது போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது.

திறப்பு விழாவுக்குப் பின் நடந்தது அதிகம் பேசப்படாத கதை. சதுப்பை வெட்டி அமைத்த அந்தத் துறைமுகத்தில் சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் பரவி, வேலையாட்கள் கொத்துக் கொத்தாகப் படுத்துவிட்டனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அதே 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்திருந்தவர் மால்கம் வாட்சன். காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. வாட்சன் பட்டணத்தைச் சுற்றிய புதர்களை அழிக்கவும், தேங்கிய நீரை வாய்க்கால் வெட்டி வடிக்கவும் வற்புறுத்தினார். அரசாங்கமும் செலவுக்கு இணங்கியது. அடுத்த ஆண்டிலேயே காய்ச்சல் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. கொசுவை ஒழித்து ஊரைக் காத்த தொடக்ககால முயற்சிகளில் ஒன்றாக உலக மருத்துவ வரலாறு இதைக் குறிப்பிடுகிறது. வாய்க்கால் வெட்டிய கைகள் பெரும்பாலும் கூலித் தொழிலாளர்களுடையவை. அவர்களுடைய பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

தோட்டத் தமிழர்களுக்கும் இந்த நிலையத்துக்கும் என்ன உறவு?

கிள்ளான் வட்டாரத்தில் முதலில் பயிரானது ரப்பர் அன்று, காப்பி. 1890களின் பிற்பகுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிரப்பி விலையை வீழ்த்தியதும் தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் பட்டணத்தைச் சுற்றிப் பால்மரக் காடுகள் எழுந்தன. அந்த மரங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆள் தமிழ்நாட்டிலிருந்து வந்தது.

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் சில நாட்கள் தங்க வைக்கப்பட்டு, பிறகு தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கி உள்நாட்டுத் தோட்டங்களுக்கு இரயிலில் போனவர்கள் இந்த நிலையத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. தோட்டத்து மேற்பார்வையாளரே தம் ஊரில் ஆள் திரட்டி வரும் கங்காணி முறையும் அதற்குத் துணையாக முதலாளிகளிடம் வரி பெற்றுப் பயணச் செலவைக் கட்டிய குடியேற்ற நிதியும் மேலும் பல ஆண்டுகள் நீடித்தன. 1938 ஜூனில் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் கூலிக் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதுவரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், இந்தத் தண்டவாளம் ஈயத்துக்கும் ரப்பருக்கும் மட்டுமன்றி மனிதர்களுக்கும் வழியாக இருந்தது.

வந்து குடியேறிய பின் உறவு வேறு விதமாக ஆனது. தோட்டத்து வாழ்க்கை தோட்டத்துக்குள்ளேயே முடியும்படி அமைக்கப்பட்டிருந்தது: விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு பால்வெட்டு, பால் எடுத்தல், தோட்டக் கடை, தோட்டக் கோயில், தோட்டப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடை. சம்பள நாளை அடுத்து வரும் விடுமுறையில்தான் பட்டணம் போவது. நகை அடகு வைக்கவும் மீட்கவும், தீபாவளிக்குத் துணி எடுக்கவும், ஊருக்குப் பணம் அனுப்பவும், கடிதம் எழுதுவிக்கவும் பட்டணம் வேண்டும். ஒரு தோட்டத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த இன்னொரு தோட்டத்துச் சேதி கிடைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். வெள்ளைக்காரத் துரைக்கும் எழுத்தரான கிராணிக்கும் கைகட்டி நிற்காமல் ஒருவர் தம் விருப்பப்படி நின்று பேசக்கூடிய இடங்கள் அன்று மிகக் குறைவு. நிலையத்தின் முன்வெளி அவற்றுள் ஒன்று. அதன் வரலாற்றில் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். ஈயத்தின் கணக்கு ஆவணங்களில் இருக்கிறது, இது இல்லை.

இரயில்வேயில் தமிழர்கள் என்னென்ன வேலை பார்த்தார்கள்?

இரண்டு தமிழர் கூட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாதை போடுவதும், சரளைக் கல் நிரப்புவதும், தண்டவாளத்தை நேராக்குவதும், புல் செதுக்குவதும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் வேலை. நிலைய அதிகாரி, எழுத்தர், தந்தியாளர் முதலிய மேசை வேலைகளில் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்து வந்த இலங்கைத் தமிழர் நிறைந்திருந்தனர். தைப்பிங் பாதையைப் போட்டதிலேயே இலங்கையிலிருந்து அழைத்து வரப்பட்ட முன்னோடிப் படையினருக்குப் பங்குண்டு. ஒரே மொழி பேசியும் இவ்விரு கூட்டங்களும் ஒன்றோடொன்று அதிகம் கலக்கவில்லை என்பதை நாகரிகம் கருதி மறைக்க வேண்டியதில்லை.

1901இல் சிலாங்கூர், பேராக் இரயில்வேக்கள் ஒன்றாகி மலாய்க் கூட்டு மாநில இரயில்வே ஆயின. கோலாலம்பூரின் செந்தூலில் பெரிய பட்டறையும் பிரிக்பீல்ட்ஸில் ஊழியர் குடியிருப்பும் வளர்ந்தன. கிள்ளான் பாதையின் ஊழியர்களுக்கும் அவையே தலைமை இடங்கள்.

1941ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் இங்கேயா நடந்தது?

வேலைநிறுத்தம் தோட்டங்களில் நடந்தது. அதன் நெஞ்சு கிள்ளான் பட்டணத்தில் துடித்தது. போர்க்காலத் தேவையால் ரப்பர் விலை ஏறியிருந்தும் தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி ஏறவில்லை. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியாளரும் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவருமான ஆர். எச். நாதன் தொழிலாளர்களின் கோரிக்கைகளை வடிவமைத்தவர்களுள் முக்கியமானவர்.

சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான பள்ளி, நல்ல மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவோர்மீது நடவடிக்கை, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு ஒரு கோரிக்கை தனித்து நிற்கிறது: துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நடக்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். கூலி உயர்வுக்குப் பக்கத்தில் இதை எழுதியவர்கள், தங்களுக்கு எது வலித்தது என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதுசெய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் திரண்டனர். அரசாங்கம் படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியதால் இந்தப் போராட்டத்தின் கணக்கு முழுதாகத் தீர்க்கப்படவே இல்லை.

சயாம்–பர்மா மரண இரயில்பாதை வேலைக்கு இங்கிருந்தும் ஆட்கள் போனார்களா?

சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து போனார்கள். ஜப்பானியர் ஆட்சியில் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் அற்றுப்போயின. சிலர் நல்ல சம்பளம், சாப்பாடு என்ற பேச்சை நம்பி ஏறினார்கள். பலர் பிடித்து ஏற்றப்பட்டார்கள். சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வடக்கே சயாமின் பான் போங் வரை கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து காட்டுக்குள் நடத்தப்பட்டார்கள். பான் போங்கையும் பர்மாவின் தான்பியூசயாத்தையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் இறந்த ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களுள் மலாயாத் தமிழர் பெருந்தொகையினர். போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு, தமிழர்களுக்கு இல்லை.

மலாயாவிலும் சில கிளைப்பாதைகள், தம்பினிலிருந்து மலாக்கா போன பாதை உட்பட, அந்தத் தண்டவாளத்துக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. கிள்ளான் பாதை தப்பியது.

லிட்டல் இந்தியா நிலையத்துக்கு அருகே அமைந்தது தற்செயலா?

தற்செயலன்று. இறங்கியவர் நடக்கும் தொலைவில்தான் கடை வைப்பார்கள். லிட்டல் இந்தியாவின் மையமான, இன்று ஜாலான் தெங்கு கிளானா எனப்படும் தெருவில் துணிக்கடை, நகைக்கடை, மளிகை, பூமாலை, பாத்திரம் ஆகியவை நெருங்கி வளர்ந்ததற்குத் தோட்டத்து வாடிக்கையாளர்களே அடிப்படை. செட்டியார்கள் கொடுத்து வாங்கிய பணமும், அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலும் அந்தத் தெருவுக்கு நிலைத்த தன்மையைத் தந்தன.

எல்லாம் தமிழர் கதை என்று எழுதினால் அது பொய்யாகும். நிலையத்துக்கு எதிரே ஜாலான் ஸ்தேசனில் 1940 முதல் நடந்துவரும் சோங் கோக் காப்பிக்கடை ஹைனானியர் மரபினது. கிள்ளான் தன் சொந்தப் பண்டமாகக் கொண்டாடும் பா குட் தே என்னும் பன்றி எலும்புக் குழம்பு, மூட்டை தூக்கிய சீனத் தொழிலாளரின் உணவாக வளர்ந்தது என்று சொல்லப்படுகிறது. சற்றுத் தள்ளி, கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1909இல் எழுந்த அரசாங்கக் கட்டடம் இன்று சுல்தான் அப்துல் அசீஸ் அரச காட்சியகமாக இருக்கிறது. பட்டணத்துப் பயணம் என்றால் இட்டிலி வாங்கும் கையும் ரொட்டி பாக்கார் என்னும் வாட்டிய ரொட்டி வாங்கும் கையும் ஒரே கையாகத்தான் இருந்தது.

ஆற்றின் குறுக்கே உள்ள இரட்டை அடுக்குப் பாலமும் இரயில் பாலமா?

அன்று. அது கோத்தா பாலம். மேலடுக்கு வாகனங்களுக்கும் கீழடுக்கு நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் என்று அமைக்கப்பட்டது. 1908இல் கட்டப்பட்ட பழைய பெல்பீல்ட் பாலத்தின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. இரயில் ஆற்றைக் கடப்பது மேற்கே அன்று, கிழக்கே கன்னாட் பாலத்தருகே.

மின்வண்டி எப்போது வந்தது?

1995இல். கொமுட்டர் என்னும் புறநகர் இரயில் சேவைக்காகப் பாதை மின்மயமானபோது, மலேசியாவின் முதல் மின்தொடர்வண்டிப் பாதைகளில் ஒன்றாகக் கிள்ளான் பாதை ஆனது. இன்று கோலாலம்பூரிலிருந்து வருபவர் சுபாங் ஜெயா, ஷா ஆலம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக் வழியாகக் கிள்ளானை அடைந்து, தெலுக் பூலாய் தொட்டுப் போர்ட் கிள்ளான் வரை போகலாம். புக்கிட் கூடா அந்த வரிசையில் இல்லை.

சுற்றியிருந்த தோட்டங்கள் என்ன ஆயின?

முதலில் துண்டாடப்பட்டன, பிறகு செம்பனைக்கு மாறின, பிறகு வீடுகளாயின. 1950களிலும் 60களிலும் வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குத்தொகை சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த நெருக்கடியால்தான். 1969க்குப் பின் வேலை அனுமதிச் சட்டம் வந்தபோது, குடியுரிமை பெறாத பல்லாயிரம் தமிழர்கள் நாடு திரும்பினார்கள். அவர்களுள் பலர் ஏறிய கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்துதான் புறப்பட்டது. தாத்தா இறங்கிய துறையிலேயே பேரன் ஏறினான்.

மிஞ்சியவர்கள் வாழ்ந்த தோட்டங்கள்மீது 1980களிலிருந்து குடியிருப்புகள் எழுந்தன. புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆகியிருக்கிறது. லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியவருக்கு மோட்டார்சைக்கிளும், பிறகு காரும் வந்தன. அவர்கள் பட்டணம் போவது குறைந்தது. பேரங்காடி பக்கத்திலேயே இருந்தது. முன்வெளியில் வார நாட்களில் இன்று இறங்குபவர்களுள் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் கணிசமானவர்கள். சம்பள வார விடுமுறையில் அவர்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் நம்மவர்களும் இருக்கிறார்கள். நம் பாட்டன்மார் அங்கே நின்றதும் இப்படித்தான் பார்க்கப்பட்டிருக்கும்.

நேரில் பார்க்க விரும்புபவர் எந்த வழியாக நடக்கலாம்?

கொமுட்டரில் வந்து இறங்குவதே நல்லது; காரில் வந்தால் நிறுத்த இடம் தேடியே பொழுது போகும். வெளியே வந்ததும் உடனே தெருவுக்குள் நுழையாமல், கட்டடத்துக்கு முதுகைக் காட்டி ஒரு நிமிடம் நின்று, ஆறு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாலான் ஸ்தேசனில் காப்பி குடித்து, ஜாலான் தெங்கு கிளானாவில் நடந்து, அரச காட்சியகத்தையும் ராஜா அப்துல்லாவின் கிடங்கையும் பார்த்துத் திரும்ப அரைநாள் போதும். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் இந்த அரைநாள் முழுநாளாகிவிடும். ஆனால் தோள் உரசாமல் நடக்க முடியாத அந்தக் கூட்டத்தில்தான் இவ்விடம் பழைய அளவுக்கு நிறைகிறது. திரும்பும்போது கிழக்கு நோக்கிய வண்டியில் இடப்பக்கச் சன்னலோரம் உட்கார்ந்தால், சற்று நேரத்தில் பாலமும், அதன் அடியில் பழுப்பு நிறத்தில் ஆறும் தெரியும்.